புதுப்பானை வோட்கா

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே என் மருமகன் செல்போனைக் காட்டினான். ஏதோ பெரிய ஓட்டலில், மீசையை முறுக்கிவிட்ட ஒருவன் வோட்காவில் பீட்ரூட் சாறும் மிளகும் கலந்து, கோப்பைக்குள் புகையை விட்டான். குடித்தவர்கள் மண்வாசனை அடிக்கிறது என்று கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிவதற்குக் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, பாருங்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் இருந்தது. கீழே பார், மாடியில் ஏசி ஹால். நானும் செல்வமும் கீழே ஊற்றிக்கொடுக்கிற ஆட்கள். இருவரும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். படிப்பில் சமம், வாயில் அவன் கலெக்டர். எனக்கோ யாராவது "தண்ணி கொண்டாப்பா" என்றாலே காது சிவந்துவிடும்.

அப்போது எங்கள் ஊரில் வோட்கா விலைபோகாது. வாசனையே இல்லாத சரக்குக்கு எதற்குக் காசு என்பார்கள். பெட்டிகள் தேங்கிவிட்டன. முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "இத்த எவன் ருசியா மாத்தறானோ அவன்தான் மாடிக்கு" என்றார். மாடி என்றால் வெள்ளைச் சட்டை, குளிர்காற்று, எச்சில் தட்டு எடுக்காத வேலை. வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் மாடியில் வேலை என்று சொல்ல ரொம்ப ஆசையாக இருந்தது.

செல்வம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாங்காய்ச் சாறும் கீறின பச்சைமிளகாயும் போட்டுக் குலுக்கினான். பாட்டிலோடு இடுப்பும் குலுங்கும். நான் வேறு மாதிரி யோசித்தேன். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வருகிற பெண்களிடம் நன்னாரி வேர் வாங்கி, தண்ணீர் படாத புதுப்பானையில் வோட்காவோடு ஊறப்போட்டேன். சொந்த வாசனை இல்லாததால்தானோ என்னவோ, பானையின் வாசனையை அது அப்படியே இழுத்துக்கொண்டது. மறுநாள் மூடியைத் திறந்தால், காய்ந்த கொல்லையில் முதல் தூறல் விழுந்த மாதிரி இருந்தது.

ருசி பார்க்க முதலாளியும் தியாகதுருகத்துக் கரும்பு லாரிக்காரர் ஒருவரும் உட்கார்ந்தார்கள். மாங்காய்க்கு "அடி தூள்" என்றார்கள். என் கிளாஸை லாரிக்காரர் முகர்ந்து பார்த்தார். "இன்னாப்பா போட்ட இதுல?"

மனதுக்குள் நிறையச் சொல் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"வேருங்க."

"வேரா? இன்னா வேரு? மலைச் சாராயம் எதுனா கலந்துகினியா?"

கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். முதலாளியின் முகம் மாறியது. கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் சாகிற எங்கள் பக்கத்தில் பேர் தெரியாத வேர் சரக்கில் கிடந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? நன்னாரி என்கிற நாலெழுத்து என் தொண்டையைத் தாண்டவில்லை.

செல்வம் அந்தக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "நன்னாரிண்ணா, சர்பத்துல போடறது. கோமுகி அணை பக்கம் மொத மழ பேஞ்சா குப்புனு ஒரு வாசன வரும் பாருங்க, அத்தப் புடிச்சாந்து பானையில போட்டு வச்சிகிறான் இவன். ஒரு வாய் குடிங்க, அப்பறம் என்ன அடிங்க!"

லாரிக்காரர் குடித்தார். இன்னொன்று கேட்டார்.

மாடிக்குப் போனது செல்வம். "செஞ்சது இவன் மொதலாளி" என்று என் எதிரிலேயே சொன்னான். "செய்யறவன் கீழ செய்யட்டும், பேசறவன் மேல பேசட்டும்" என்றார் அவர். அவன் என் சரக்கைத் திருடியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். பானை பானையாக ஊறப்போட்டு மேலே அனுப்பினேன். ஹால் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்றோடு அவன் பேச்சும் மற்றவர்கள் சிரிப்பும் படியிறங்கி வரும். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட அவனைச் சுற்றித்தான் நின்றார்கள்.

லாட்ஜை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். போன மாதம் சின்னசேலத்தில் செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். தொண்டையில் ஆபரேஷன். "வாங்கண்ணா, பேச்சுதான் பூட்ச்சி, மத்தபடி நல்லாக்கீறாரு" என்றாள் அவன் மனைவி. ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாங்கிப்போன ஆரஞ்சுப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். பால்காரர் கேனோடு வந்தார். செல்வம் புருவத்தைத் தூக்கினால் சிரித்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் அவன் தோளில் கைபோட்டு, "இப்ப அண்ணன் இன்னா சொல்றாரு தெரியுமா?" என்று அவனுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் இனி எங்கும் கிடையாது. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்தது பொறாமைதான். நான் பேசாமல் இருந்தால் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அவன் பேசாமல் இருப்பதைத் தெருவே கூடி உட்கார்ந்து கேட்கிறது.