வாயைக் கட்டிய கோடை

மர ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குத் தராசு என்று பெயர். கண்ணாடிக்கூடத்தில் வரிசையாக இருந்த பைன் நாற்றுத் தொட்டிகளைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தூக்கி வைத்து எடை பார்ப்பதுதான் அவர் வேலை. "அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. அவருக்கும் பேச்சுக்கும் ஏழாம் பொருத்தம்.

தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டியிருந்தார்கள். மண்ணிலிருந்து ஈரம் தப்ப வழியில்லை. ஆகவே காலைக்கும் மாலைக்கும் நடுவில் எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் அந்த நாற்று குடித்து இலை வழியே ஆவியாக விட்ட தண்ணீர். எல்லாம் ஒரே இனத்துப் பைன்கள்தான். ஆனால் வேறு வேறு மலைகளில் நின்ற தாய்மரங்களின் விதைகள். குடித்த தண்ணீருக்கு எது அதிகம் வளர்கிறது என்று தெரிந்தால், மழை குறைந்த சரிவுகளில் அதை நடலாம்.

"ஒரு வம்சத்துப் பிள்ளைங்க மாதிரிதாண்ணே," என்று ஆராய்ச்சியை நடத்திய அம்மா ஆரம்பத்திலேயே அவருக்குச் சொல்லியிருந்தார். "ஒண்ணு வாரி இறைக்கும், ஒண்ணு முடிஞ்சு வைக்கும்."

தராசின் மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கும். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அவள் பங்கு. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்து இரண்டு வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு வருவாள். தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் ஒரு சின்ன பாட்டிலை நிரப்பினால் மறுநாள் காலைவரை அதுதான். டீயும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள்ளேயே அடக்கம். கொஞ்சம் கூடிப்போனாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

"அங்க நீங்க செடியைத் தூக்கி வைக்கிறீங்க, இங்க நர்ஸ் என்னை ஏத்தி நிறுத்துறா," என்று சிரிப்பாள். "குடும்பமே எடைக்கடை ஆயிடுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயிலில் அலைந்துவிட்டு வந்தவர், நேராக அடுப்படிக்குப் போய் நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தார். சொம்பை இறக்கியபோது அவள் வாசற்படியில் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். அவருக்குக் குடித்த தண்ணீர் நெஞ்சிலேயே நின்றது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் படாமல் குடித்துப் பார்த்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறப்பது திருட்டுத்தனமாக இருந்தது. கடைசியில், அவளிடம் இருந்ததைப் போலவே ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொண்டார். அவளுக்கு எவ்வளவோ, தனக்கும் அவ்வளவு. யாரிடமும் சொல்லவில்லை.

கோடை முற்றியது. பண்ணையில் சோதனையின் கடினமான பகுதி ஆரம்பித்தது: நாற்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கூடம் அடுப்பாகக் கொதித்தது. தராசுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலில் மிஞ்சியதைக் கண்ணால் அளந்துவிட்டு மூடியைத் திருகிவிடுவார். தண்ணீர் நின்றதும் சில நாற்றுகள் உடனே இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டன. அவற்றின் எடை அசையவே இல்லை. சில, நாளை என்று ஒன்று இல்லாததுபோல் செலவழித்தன. அவற்றின் ஊசி இலைகள் நுனியில் பழுப்பேறின.

அப்படி ஒரு நண்பகலில், கையில் தொட்டியோடு வரிசைக்குத் திரும்பியவருக்குக் கண் இருட்டியது. தொட்டி உடைந்த சத்தத்துக்குத்தான் ஓடி வந்தார்கள்.

மருத்துவமனையில் அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பண்ணை ஜீப் டிரைவர் போய் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"உடம்புல சொட்டுத் தண்ணி இல்லம்மா," என்றார் டாக்டர். "இந்த வெயில்ல வேலை செய்யுற மனுஷன் இப்படியா இருக்கறது? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இவர் கிட்னியும் கெட்டிருக்கும்."

அவருடைய சாப்பாட்டுப் பையை டிரைவர் கட்டில் ஓரம் வைத்திருந்தார். அதிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலை அவள் வெளியே எடுத்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க கேக்குறேன். எத்தனை நாளா?"

"கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"எதுக்கு? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்து ஊர்க்கதை பேசவா? நீங்கதான் பேசவும் மாட்டீங்களே!"

டிரைவர் மெல்ல வெளியே நழுவினார்.

"உனக்கு முன்னால குடிக்க மனசு வரலம்மா," என்றார் அவர். "அன்னிக்கு நீ பாத்துக்கிட்டு நின்னியே."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"பாத்தேன். ஆசையாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க குடிக்கிற அழகையும்தானே பாத்தேன். அப்புறம் வீட்ல தண்ணி ஊத்துற சத்தம்கூட இல்லாமப் போச்சு. எழவு வீடு மாதிரி. நோயாளியா இருக்கறதைவிட அதுதாங்க எனக்குக் கஷ்டம்."

மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "குடிங்க. நான் பாக்கணும். மடக்கு மடக்கா."

அவர் குடித்தார். பாதியில் அழுகை முட்டிக்கொண்டு வந்து புரையேறிவிட்டது. அவள் உச்சந்தலையைத் தட்டிக்கொடுத்தாள். "சரி சரி. குடிக்கவும் தெரியல, பட்டினி கிடக்கவும் தெரியல."

மறுவாரம் அவர் வேலைக்குப் போனபோது அவளும் கூடவே வந்தாள். ஆராய்ச்சி அம்மாவைப் பார்த்து, மனுஷனை மதிய வெயிலில் நிழலில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, "எங்க, தண்ணியை வாரி இறைச்ச அந்தக் குடிகாரியைக் காட்டுங்க," என்றாள். பழுப்பேறி நின்ற ஒரு நாற்றைக் காட்டினார்கள்.

"அப்போ கம்மியாக் குடிக்கிறதுதான் ஒசத்தியா?" என்று கேட்டாள்.

"அப்படியும் இல்லைங்க," என்றார் அந்த அம்மா. "தண்ணி நின்னதும் கதவைச் சாத்துனது உயிரோட இருக்கும், ஆனா வளராது. இலைத்துளையை மூடிட்டா காத்தும் உள்ள போகாதே. இதோ, இந்தத் தாயோட பிள்ளைங்க கொஞ்சமாக் குடிச்சே நல்லா வளருது. அது அதோட பொறப்பு வாகு."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? வாகு இல்லாதது வாயைக் கட்டக்கூடாது."

அவர் காது சிவந்து நின்றார்.

கோடை முடிந்ததும் நாற்றுகளில் பாதியை வெட்டிக் காயவைத்து, எவ்வளவு வளர்ந்தன என்று கடைசி எடை பார்த்தார்கள். மீதியை அடுத்த மழைக்கு மலைச்சரிவில் நட்டார்கள். அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் இன்னும் அமையவில்லை. வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறாள். சில நாள் உற்சாகமாக வருவாள், சில நாள் படியேறவும் முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். சாப்பிடும்போது அவருக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவள் பொறுப்பு. வேறு யாரையும் ஊற்ற விடுவதில்லை.

அடுத்த கோடைக்கு முன்பே, திரைச்சீலைத் துணியில் மிஞ்சியதை வைத்து அவருக்கு அகலமான ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாள். பெரிய பெரிய சிவப்புப் பூக்கள். பண்ணையே சிரித்தது. அவர் அதைக் கழற்றவில்லை.