அரிசி அப்பம் வரும்வரை பெஞ்சில் இருந்தேன்

என் பெயர் ஜெயராணி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டுகிறேன். காகிதத்தில் மைதாப் பசை தடவி, கம்பியில் சுற்றி, உருவி எடுக்கிற வேலை. ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி நம் போதகர் ஐயா கேட்டார். எழுதுகிறேன். ஆனால் சபை செய்ததை விட்டுவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் எழுதினால் அது பாதிச் சாட்சிதான். ஸ்தோத்திரத்தோடு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கொரோனா முடிந்து கம்பெனிகள் மறுபடியும் முழுசாக ஓடத் தொடங்கிய வருடம் என் உடம்பு விழுந்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், பிறகு பிய்த்துக்கொண்டு போகும். இரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அதற்கு முன்பே இரண்டு முறை எனக்குக் கரு தங்காமல் போயிருந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்துக்கு முந்திக் கழுத்தெலும்புதான் தெரியும். என் வீட்டுக்காரர் தாசன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். எனக்குத் தெம்பு வரட்டும் என்று வேலை முடிந்து வரும்போதெல்லாம் பொரித்த புரோட்டா வாங்கி வருவார். ஆசையாகப் பிய்த்துப் போட்டுச் சால்னாவும் ஊற்றுவார். அதுதான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் என்றார் டாக்டர். கோதுமையில் இருக்கிற குளுட்டன் என் குடலுக்கு ஆகாது. மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. ஒரு துணுக்குக்கூடக் கூடாது. மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கம்பெனியில் கைகொட்டிச் சிரித்தார்கள். "நாள் பூரா மைதாவுல முங்கிக் கெடக்கவளுக்கு மைதா சேராதாம்ல!" என்றாள் பக்கத்தில் உருட்டுகிறவள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, தூக்குவாளியைத் திறக்கும் முன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்றுதான் முதலில் பயந்தேன். வரவில்லை. சோறு இருக்கிறது, இட்லி இருக்கிறது. நம் கரிசலில் விளைகிற கம்பும் சோளமும் குதிரைவாலியும் இருக்கின்றன. கம்பு தோசைக்குத் தக்காளிச் சட்னி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், புரோட்டா தன்னால் மறந்துபோகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வழியாகத்தான் கோதுமை உள்ளே வரும். கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது என்று தெரிந்த அன்று வைத்த ரசத்தை அப்படியே சாக்கடையில் ஊற்றிவிட்டு அழுதேன். மாவு மில்லும் அப்படித்தான். கோதுமை அரைத்த கையோடு நம் கம்பைப் போட்டால், முன்னால் அரைத்தவர் மாவு கொஞ்சம் நம் தூக்கில் விழும். ஆகவே எல்லாவற்றையும் வீட்டு மிக்சியில் அரைக்கப் பழகினேன். உடம்பு மெல்ல ஏறியது.

வீட்டில் இவ்வளவும் சமாளித்த எனக்குக் கோயிலில்தான் வழி அடைபட்டது. இயேசுவின் நினைவாக நாம் எடுக்கிற திருவிருந்தின் அப்பம் கோதுமை. நம் போதகர் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுப்பதால் கிண்ணமும் எனக்கு ஆகாது. எல்லாரும் எழுந்து முன்னால் போக, நான் மட்டும் பெஞ்சில் இருந்தேன். நம் சபையில் திருவிருந்துக்கு எழுந்திருக்காதவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? யாரோடோ தீராத சண்டை, அல்லது வெளியே சொல்லக் கூடாத பாவம். கரு தங்காததற்கும் அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நோயை நான் வாய்விட்டுச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

பெண்கள் ஐக்கியத் தலைவி சுகந்தி டீச்சர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஆண்டவரோட அப்பம் ஒருத்திக்கு எப்படிம்மா ஆகாமப் போகும்? விசுவாசம் கொறஞ்சா அப்படித்தான்."

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்து முடித்ததும், டீச்சர் ஒரு துண்டு ரொட்டியை என் கையில் வைத்தார். "விசுவாசிச்சுச் சாப்பிடு ஜெயா, சுகமாயிரும்." நான் விசுவாசித்தேன். சத்தியமாக விசுவாசித்துத்தான் சாப்பிட்டேன். மறுநாள் கம்பெனியில் காகிதக் கட்டின்மேல் மயங்கி விழுந்தேன். உடம்பு தேறப் பல நாள் ஆனது. என்னைப் பார்க்க டீச்சர் வரவில்லை. "முழு மனசோட வாங்கலை போல" என்று அவர் சொன்னதாகச் செய்திதான் வந்தது.

"இனிமே அந்தக் கோயில் வாசப்படிய மிதிக்காத" என்றார் தாசன். நான் போனேன். அரிசி மாவில் அப்பம் செய்யக் கூடாதா என்று போதகரிடம் கேட்டேன். "கமிட்டில வைக்கிறேம்மா" என்றார். வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு கிறிஸ்மஸ் போனது.

குழாய் உருட்டிக்கொண்டே ஒருநாள் ஜெபித்தேன். "ஆண்டவரே, வயிற்றைச் சரியாக்கும் என்று இனி கேட்கமாட்டேன். உம்முடைய பந்தியில் எனக்கு ஓர் இடம் கொடும். முடியாது என்றால் நீரும் இறங்கி வந்து என்னோடு பெஞ்சில் உட்காரும்."

பதில் நான் நினையாத வழியில் வந்தது. டீச்சருடைய ஒரே மகள் பெனிட்டா முதல் திருவிருந்து எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வயிறு கெட்டது, உடம்பு உருகியது. மதுரையில் அதே குழாய், அதே பெயர். உடனே கமிட்டி கூடியது. என் நோய்க்கு விசுவாசம் கேட்டவர்கள் அவள் நோய்க்கு அரிசி தேடினார்கள். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துத்தான் எனக்குப் பதில் தர வேண்டுமா என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை டீச்சர் ஒரு தூக்குவாளியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"ஜெயா, நாளைக்கு அப்பத்துக்கு அரிசி மாவு. சுடுற பக்குவம் ஒனக்குத்தான் தெரியும்."

"வாங்க டீச்சர். மாவு எங்க அரைச்சீக?"

"நம்ம மில்லுலதான்."

நான் வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். தெரியட்டும், மகள் துடிக்கும்போது தெரியட்டும் என்று என் மனது சொன்னது உண்மை. அப்போதுதான் டீச்சருக்குப் பின்னால் நின்ற பெனிட்டாவைப் பார்த்தேன். என் கண்ணாடியில் நான் பார்த்த அதே கழுத்தெலும்பு.

"இந்த மாவு ஆகாது டீச்சர். அதுல முன்னாடி கோதும அரைச்சிருப்பாக. அந்தத் துணுக்கே போதும்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அன்னைக்கு நான் ஒன் கையில வச்சது..."

"ஆமா டீச்சர்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வலி ஆறவில்லை. கையை விடுவித்து, முழங்கை வரைக்கும் கழுவி, அரிசியை ஊறப்போட்டேன். ஊறும்வரை அந்தப் பிள்ளைக்குக் கம்பு தோசை சுட்டுக் கொடுத்தேன். பயந்து பயந்து பிய்த்தவள், "இன்னொண்ணு வைங்கக்கா" என்றாள். வைத்தேன்.

மறுநாள் எல்லாருக்கும் ஒரே அப்பம், என் அடுப்பில் சுட்ட அரிசி அப்பம்தான் என்று போதகர் சொல்லிவிட்டார். நான் பெஞ்சைவிட்டு எழுந்தேன். முழங்காலில் நின்று கையை நீட்டினேன். அப்பம் கையில் விழுந்தபோது, பக்கத்தில் இருந்த பெனிட்டா என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்: "அக்கா, சாப்பிடலாமா?"

"சாப்பிடு தாயி" என்றேன்.

இப்போது என் உடம்பில் இரத்தம் இருக்கிறது. திருவிருந்து வரும் வாரம் அப்பம் என் வீட்டிலிருந்துதான் போகிறது. எனக்கொரு பிள்ளை வேண்டும் என்று செய்த ஜெபத்துக்கு இன்னும் பதில் இல்லை, அதையும் மறைக்கமாட்டேன். கசப்பு முழுசாகப் போகவில்லை. ஆனாலும் என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார், அவருக்கே நன்றி. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அடுத்த திருவிருந்தில் யாராவது பெஞ்சிலேயே இருந்தால், காரணம் தேடாதீர்கள். முதலில் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.