ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியவன்

கடம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் நான் கண் விழித்த மதியத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. வாய் திறந்திருந்தது. சட்டைப் பையில் யாரோ பாதி பிஸ்கட்டைச் செருகியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ஆறு வயது மகளைக் காணவில்லை.

அப்போது எனக்கும் அவள் அம்மாவுக்கும் விவாகரத்து ஆகி நான்கு மாதம். மகள் அம்மாவோடு கடம்பத்தூரில் இருந்தாள். "வாரத்தில் எந்த நாள் குழந்தையைப் பார்க்க வேண்டும்?" என்று கோர்ட்டில் கேட்டபோது, உலகத்துக்கே லீவு விடுகிறவன்போல "ஞாயிற்றுக்கிழமை" என்றேன். காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை என்று உத்தரவானது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ரோலிங் மில்லில் உலை அணையாது. அதனால் எங்கள் வார ஆஃப் மாதத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். இந்த மாதம் ஞாயிறு என்றால் அடுத்த மாதம் திங்கள். பதினைந்து வருஷமாக மில்லில் தரும் டூட்டி சார்ட்டைப் பார்த்துத்தான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். கோர்ட்டில் நின்ற மாதம் என் ஆஃப் ஞாயிறு. அதற்கு மேல் என் மூளை போகவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுகளை நான் சக தொழிலாளர்களிடம் பிச்சை எடுத்தேன். அவர்கள் சனிக்கிழமை இரவு ஷிப்டை நான் பார்ப்பேன், என் ஞாயிறு ஷிப்டை அவர்கள் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்கு உலைச் சூட்டிலிருந்து வெளியே வந்து, பெரியபாளையம் வழியாக பஸ் மாறித் திருவள்ளூர் வந்து, அங்கிருந்து ரயிலேறி, பத்து மணிக்குக் கடம்பத்தூர் பெஞ்சில் உட்காருவேன். மகளைக் கூட்டி வந்து ஒப்படைப்பது என் மாமனார். சட்டப்படி அவர் அப்போது என் மாமனார் இல்லை. ஆனால் "மாப்ள" என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தவே இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "கோர்ட்டு அவங்க ரெண்டு பேருக்குத்தான் தீர்ப்பு சொல்லுச்சு. எனக்கு இன்னா சொல்லுச்சு?" என்றாராம்.

பதறி எழுந்து பார்த்தால், பிளாட்பாரத்தின் கோடியில் வேப்ப மர நிழலில் அவரும் மகளும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க ஊட்டுக்குப் போவலையா?"

"பாதி தூரம் போனேன். உன் மூஞ்சி சரியில்லன்னு மனசு கேக்கல, திரும்பி வந்தேன். வந்தா, உன் வாயில ஈ குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது."

"நைனா, நீ உட்ட கொறட்டையில டிரெயின் வர்ற சத்தமே கேக்கல," என்றாள் மகள்.

சிரித்தேன். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம், தண்டவாளத்துக்குப் பத்தடி தூரத்தில் குழந்தை. இது அவள் அம்மா காதுக்குப் போனால் அடுத்த வாய்தாவில் என் ஞாயிறுகள் போய்விடும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

"மாமா, உங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லாம எப்படி மாப்ள? கொழந்த சமாச்சாரம்."

ஷிப்ட் கதை முழுவதையும் சொன்னேன். "அத்தினி வாய்தாவுக்கு வந்தியே, இத சொல்ல மட்டும் வாய் வரலியா உனக்கு?" என்றவர், என் பர்ஸில் மடித்து வைத்திருந்த டூட்டி சார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை மகளின் அம்மா போன் செய்தாள். தீர்ப்புக்குப் பிறகு வக்கீல் இல்லாமல் வந்த முதல் பேச்சு அது.

"ஸ்டேஷன்ல தூங்கினியாமே?"

"ஆமா."

"பாப்பா தண்டவாளத்துல எறங்கியிருந்தா?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் நான் அன்றைக்கு, "தப்புதான்," என்றேன்.

"அப்பா உன் சார்ட்ட காட்னாரு. மாசாமாசம் அத எனக்கு அனுப்பு," என்றாள் கடைசியில். "உன் ஆஃப் எந்த நாளோ அந்த நாள் ஸ்கூல் உட்டதும் நீயே கூட்டினு போ. ஏழு மணிக்கு ஊட்டுல இருக்கணும். நேரம் கம்மிதான். ஆனா முழிச்சினு இருக்கிற அப்பாவ பாக்கட்டும் அது."

பிறகு வக்கீல்கள் அதை முறையாக எழுதிக் கொடுத்தார்கள். மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். எந்த உத்தரவும் அவளைக் கட்டாது. என் ஆஃப் பார்த்துத் தானாக வருகிறாள். மாமனார் போய் இரண்டு வருஷமாகிறது. அவரை நினைத்தால் மாலை போட்ட போட்டோ எனக்கு ஞாபகம் வருவதில்லை. ஸ்கூல் வாசலுக்கு நான் போன முதல் வியாழக்கிழமைதான் வருகிறது. எனக்கு முன்னால் அவர் சைக்கிளோடு அங்கே நின்றிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். அருகில் வந்து, என் கண்களை டாக்டர்போல மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தூங்கினியா?"

"எட்டு மணி நேரம், மாமா."

மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த மகளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். சைக்கிளில் ஏறினார். தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.