தக்காளிப் பாத்தி

மகளின் வயலின் வகுப்பில் ஆசிரியை வில்லில் ரோசின் கட்டியைத் தேய்த்தார். அந்தப் பிசின் வாசனையில், சாலை விரிவாக்கத்தில் போய்விட்ட எங்கள் அதியமான்கோட்டை வீடு நினைவுக்கு வந்தது.

அப்பா மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தார். காலையில் தக்காளிச் செடிகளுக்கு மண் அணைத்துவிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் தொட்டி ஓரம் உட்கார்ந்து வாசிப்பார். அம்மா கீரை ஆய்ந்தபடி கூடவே முணுமுணுப்பாள், தம்பி பூவாளியில் தாளம் தட்டுவான். ஞாயிறுகளில் மட்டும் இது கிடையாது. கல்யாணக் கச்சேரிக்குப் போய்விடுவார்.

எனக்கு ஏழு வயது. ஒரு சனிக்கிழமை அவர் வில்லுக்குப் புதுக் குதிரைமுடி கட்டினார். ரோசின் தேய்க்காத புது முடியில் சத்தமே வராது என்று அவர்தான் சொல்லியிருந்தார். மறுநாள் போகமாட்டார் என்று நினைத்துக் கட்டியைத் தக்காளிப் பாத்தியில் புதைத்தேன்.

"ரோசினப் பாத்தியா பாப்பா?"

"இல்லப்பா."

கச்சேரியில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று போனார். மேடையில் வேறு வயலின் இல்லை.

"உடுங்கண்ணா, கீபோர்டுலயே வயலின் வருதுங்க" என்றாராம் குழுத் தலைவர். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

எல்லா ஞாயிறும் அப்பா வீட்டிலேயே இருந்தார். வாசிக்கவில்லை. அடுத்த நடவுக்குப் பாத்தியைக் கொத்தியபோது கட்டி கிடைத்தது. மண்ணைத் துடைத்தார், என்னைப் பார்த்தார்.

"எலி இழுத்தாந்திருக்கும்" என்றார் அம்மாவிடம்.

நான் இன்றுவரை மறுக்கவில்லை.