கரைப் பக்கம் உட்கார்ந்தவள்

என் தங்கை வள்ளியின் படிப்பைக் கெடுத்தவன் நான். வறுமை அல்ல, விதி அல்ல... நான்!

எங்கள் காஞ்சிபுரம் பட்டுச் சேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை நான் தள்ளுவேன். வலது கரைப் பக்கம் உட்கார்ந்து வள்ளி அதை வாங்குவாள், கரை நூலோடு கோத்துத் திருப்பித் தள்ளுவாள். அவள் எழுந்து போனால் தறி நின்றுவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள் அவள். கல்லூரியில் சேர்க்கச் சொல்லி, அவளுடைய டீச்சரே எங்கள் வீடு தேடி வந்தார். அப்பா இல்லாத வீடு. பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"மேல படிக்க அவளுக்கு இஷ்டம் இல்ல டீச்சர்."

வள்ளியின் காதுபடத்தான் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

அன்று எங்கள் தெருவில் அது குற்றமே இல்லை! வீட்டுப் பெண் கரைக்கு உட்காருவாள். அண்ணன் கல்யாணம் செய்து வைப்பான். நானும் செய்து வைத்தேன். அடுத்த தெருவிலேயே மாப்பிள்ளை பார்த்தேன், தறிக்குத் தோதாக! நல்ல அண்ணன் என்று பெயரும் வாங்கினேன். இன்றும் வள்ளி தினமும் காலையில் வந்து கரைக்கு உட்காருகிறாள்.

காலம் மாறிவிட்டது, அன்றைய நியாயம் அது, விட்டுவிடு என்பீர்கள். மாறித்தான் விட்டது. என் மகளை அந்த இடத்தில் உட்கார வைத்தால் இதே தெரு என்னைக் காறித் துப்பும். ஆனால்... அன்று அது நியாயம் என்றால் நான் ஏன் பொய் சொன்னேன்? தறிக்கு ஆள் வேண்டும் டீச்சர் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கலாமே! அப்படியானால், எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

போன வாரம் என் மகள் சென்னைக்குக் கிளம்பினாள், கல்லூரி விடுதிக்கு. அவள் போகலாம்... அத்தைதான் கரையில் இருக்கிறாளே! பெட்டியோடு தறிக்கு அருகில் வந்து நின்றவள் சட்டென்று கேட்டாள்.

"நீ ஏன் அத்தை காலேஜ் போகல?"

என் கை நின்றுவிட்டது. இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது.

"உங்கப்பா படி படின்னு சொல்லிக்கினுதான் இருந்தாரு. எனக்குத்தான் இஷ்டம் இல்லம்மா," என்றாள் வள்ளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை!

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மனைவி அவளை அழைத்துக்கொண்டு போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். வள்ளி என் முகத்தைப் பார்க்காமல் நாடாவைத் தள்ளினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.