பந்தயக் குதிரைக்குப் பால் கொடுத்தவள்

எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கம் கிடையாது. மக்காவின் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கும், அவ்வளவுதான். அதனால் நான் கல்யாணமாகிப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்த புதிதில், கொல்லையிலிருந்த குதிரை லாயத்துக்குள் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தைப் பார்த்து அசந்துபோனேன். செய்தித்தாளில் வந்த படம். கழுத்தில் மாலையோடு ஒரு குதிரை, அதன் இரண்டு பக்கமும் கோட்டு போட்ட மனிதர்கள். அந்த மனிதர்களைத் தோளோடு கத்தரித்துவிட்டு, குதிரையின் காது நுனி முதல் வால் நுனி வரை முழுசாக இருக்கும்படி யாரோ கவனமாக ஒட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, என் மாமனார்தான். மாமாவுக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டாம் பட்சம்.

மாமா குதிரை வண்டி ஓட்டினார். காலையில் பெரிய மார்க்கெட், சாயங்காலம் ரயிலடி. எழுபதுகளின் நடுவில் ஊரில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பெருகி, வண்டிக்குதிரைகள் குறைந்துகொண்டு வந்த காலம். மாமாவிடம் ரோஜா என்று ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரை இருந்தது. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாலும், என் வீட்டுக்காரர் பிழைப்புக்கு வெளியூரில் இருந்ததாலும் வீட்டில் அதிகாரம் யாருக்கு என்ற போட்டி எனக்கும் ரோஜாவுக்கும்தான். முதல் கவளம் அவளுக்குப் போன பிறகுதான் மாமா சாப்பிட உட்காருவார்.

படத்தில் இருந்த குதிரை ஊருக்கு வெளியே கடற்கரையோரம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரிய மனிதருடையது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் குடும்பம். ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிடும். அந்தக் குதிரைக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு, எங்கள் தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பெரிய குதிரை என்போம். அவள் கிண்டியிலும் பெங்களூரிலும் பந்தயம் ஓடி ஜெயித்தவள். ஒருமுறை முசியேயின் குதிரைக்காரரோடு மாமாவும் பஸ் ஏறி கிண்டிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பந்தயம் கட்டுவது ஹராம் என்பதால் காலணா கட்டவில்லை. கிண்டிக்குப் போய்விட்டுப் பாவம் எதுவும் செய்யாமல் திரும்பி வந்த ஒரே புதுச்சேரிக்காரர் அவராகத்தான் இருக்கும்.

அந்த ஓட்டத்தை அவர் சொல்லிச் சொல்லி எனக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. “கடைசி திருப்பத்துல முன்னாடி ஒரு கும்பலே போவுதும்மா. இவ நடுவுல மாட்டிகினா. சரி போச்சுடான்னு நெனச்சேன். காத அப்டியே பின்னாடி மடிச்சா பாரு. அவ்ளோதான். மத்ததெல்லாம் நின்னுகினு இருக்கற மாதிரி ஆயிடுச்சு.” சொல்லும்போது அவர் காதுகளும் லேசாக அசையும். வாழ்நாள் முழுதும் ஓடத் தெரியாத குதிரைகளோடு காலம் தள்ளிய ஒருவருக்கு அது எப்படிப்பட்ட காட்சியாக இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

பெரிய குதிரை ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் பெங்களூருப் பக்கம் ஒரு பண்ணையில் பொலிக்கு விட்டார்கள். சினை தங்கவே இல்லை. இரண்டு வருஷம் வெறும் வயிறோடு நின்றாள். மூன்றாம் வருஷம் தங்கியது. குட்டி தன் மண்ணில்தான் விழ வேண்டும் என்று முசியே அவளைத் தோப்புக்கே கூட்டி வந்துவிட்டார். கடைசிச் சவாரி முடிந்ததும் மாமா வண்டியைத் தோப்புப் பக்கம் திருப்பிவிடுவார். அதே சமயத்தில் ரோஜாவும் சினையாக இருந்தாள். நானும் என் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். “ஊருல எல்லாருமே வயித்த தள்ளிகினு நிக்கறீங்க” என்று மாமா கேலி செய்வார்.

ரோஜா முதலில் ஈன்றாள். தாயைப் போலவே பழுப்பு, ஒரு காலில் மட்டும் முழங்கால் வரை வெள்ளை. எழுந்து நிற்கத் தெரிந்த அன்றே என் முந்தானையைச் சப்ப ஆரம்பித்தது. பெயர் என்ன வைப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் பெரிய குதிரையும் ஆண் குட்டி போட்டாள். ஒரு நாள்தான் பால் கொடுத்தாள். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மதியம் கால் மடங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் முசியேயின் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. தெரு ஜனம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லாயத்து வாசலில் நின்று, “பாய், உங்க ரோஜாவ அனுப்பணும். குட்டி மத்தியானத்துலேர்ந்து கத்தினே இருக்குது” என்றார்.

“அனுப்பறேன் முசியே. ரெண்டும் குடிக்கட்டும்.”

“ரெண்டுக்கும் பால் பத்தாதுங்கறாரு டாக்டர். தாய் மட்டும் வந்தா போதும்.”

 மாமா உள்ளே போய் ரோஜாவை அவிழ்த்தார். அவர் யோசிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கடுகு பொரியும் நேரம்கூட யோசிக்கவில்லை. ரோஜா தெருமுனை வரை திரும்பித் திரும்பிக் கனைத்துக்கொண்டு போனாள். குட்டி உள்ளேயிருந்து பதில் கொடுத்தது.

ஆட்டுப்பால் வாங்கி வெதுவெதுப்பாக்கி, பாட்டிலில் ரப்பர் காம்பு மாட்டிக் குட்டிக்குப் புகட்டுவது என் வேலையாயிற்று. அது வாயை இறுக்கிக்கொண்டது. வாசல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. விரலைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் மட்டும் சப்பும். வயிற்றில் பிள்ளையோடு வைக்கோலில் உட்கார்ந்துகொண்டு விரல் விரலாக ஊட்டினேன்.

தோப்பிலோ ரோஜா அந்தக் குட்டியைக் கிட்டவே சேர்க்கவில்லை. காலைக் கட்டிப் பார்த்தார்கள். அவள் பாலையே பீய்ச்சிக் குட்டியின் உடம்பில் தடவிப் பார்த்தார்கள். வாசனை பிடிபடாமலிருக்க அவள் மூக்கில் தலைவலித் தைலம் பூசினார்கள். எங்கள் குட்டி படுத்திருந்த கோணியை எடுத்துப்போய் அதன் மேல் போர்த்தினார்கள். ஒரு நிமிஷம் ஏமாந்து நின்றாளாம். நன்றாக மோந்து பார்த்துவிட்டு உதைத்துத் தள்ளிவிட்டாளாம்.

அதற்கடுத்த நாள் பொழுது சாய்கிற நேரம், மாமாவோடு முசியேயின் குதிரைக்காரரும் வந்து லாயத்தில் உட்கார்ந்தார். நான் குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “பூனா பண்ணையில நான் பாத்திருக்கேன் பாய்” என்று அவர்தான் ஆரம்பித்தார். “பால் குடுக்கற குதிரையோட சொந்தக் குட்டி செத்துட்டா, அதோட தோல உரிச்சு இதும்மேல போத்துவாங்க. அந்த வாசன இருந்தா தன்னுதுன்னு நெனச்சு விட்டுடும். அது ஒண்ணுதான் வழி.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உன்னுதுதான் உசுரோட இருக்குதே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன். “ரோஜாவ இட்டாந்துடுங்க மாமா. அவதான் ஒத்துக்கலியே. நாம இன்னா பண்ண முடியும்?”

“இட்டாந்தா அது செத்துடும்மா. அந்த ரத்தம் அத்தோட போயிடும்.”

“வுட்டுட்டு வந்தா இது செத்துடுமே.”

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, “இன்னிக்கு ஏதாவது குடிச்சுதா?” என்றார்.

“கொஞ்சம் குடிச்சுது மாமா. காம்ப இப்பதான் வாயில புடிக்குது.” உண்மையாகவே அன்று அது காம்பைப் பிடித்து நாலு மடக்கு இழுத்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர்கூட வந்திருந்தது. 

விடிந்ததும் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். மாமா எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். விடியலுக்கு முந்திய பஜ்ரு தொழுகைக்குப் போட்ட தொப்பி தலையிலேயே இருந்தது. குட்டி அவர் மடியில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. வெள்ளைக் காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. “போச்சும்மா” என்றார். “நீ உள்ள போ. கூப்புடாம வெளிய வராத.” சமையலறைக்குள் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. மாமா கசாப்புக்காரர் இல்லை. அதற்கு முன் கோழிகூட அறுத்ததில்லை.

ரோஜா ஒத்துக்கொண்டாள். போர்த்திய தோலை வால் பக்கமிருந்து மோந்துகொண்டே வந்து, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்து, காலை அகட்டி நின்றுவிட்டாளாம். சில நாளில் தோலை எடுத்துவிட்டார்கள். அதற்குள் குட்டியின் உடம்பில் அவள் பாலின் வாசனையே ஏறிவிட்டது. முசியே அழுதார் என்று குதிரைக்காரர் வந்து சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. லாயத்துச் சுவரில் படம் இருந்த இடத்தில் வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. படம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று. அதையும் கேட்கவில்லை. ஆனால் சோறு போடும்போதெல்லாம் அவர் கைகளைப் பார்த்தேன். அந்தக் கை அதன் மூக்கைப் பொத்தியிருக்குமோ என்று பார்த்தேன். அப்படி நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டு, மறுவேளை மறுபடியும் பார்த்தேன்.

குட்டி பால் மறந்ததும் அதை லாரியில் பெங்களூருக்கு ஏற்றினார்கள், ரோஜா வீட்டுக்கு வந்தாள். அவளைப் பொறுத்தவரை அவள் குட்டி சாகவே இல்லை. தோப்பில் அவளோடு வளர்ந்தது, ஒருநாள் லாரி வந்து கொண்டுபோய்விட்டது. அதனால் எந்தச் சவாரியானாலும் தோப்புக்குப் பிரியும் சாலை வந்தால் நின்றுவிடுவாள். லாரி எதிரில் வந்தால் கனைப்பாள். வண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மாமா அவளை அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. அவளாக நகரும் வரை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். கடைசியில் அந்தப் பக்கச் சவாரியே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

என் பையனுக்கு இரண்டு வயதில் கடுமையான விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீடு முழுக்க ஜனம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தது. “பெரியவர் நீங்க, அல்லாகிட்ட கையேந்தி ஒரு துஆ கேளுங்க மாமா” என்று அவர் காலடியில் விழுந்தேன்.  அவர் விறுவிறுவென்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். லாயத்தில் ரோஜா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஆத்திரம் எனக்குப் போகவில்லை. குதிரைக்குக் கொடுத்த மனசை என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்று பல வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

இதற்கிடையில் பெரிய குதிரையின் குட்டி ஓட ஆரம்பித்தது. முதல் பருவத்தில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்புறம் பெங்களூரில் ஒன்று, கிண்டியில் ஒன்று என்று ஜெயித்து, தாய் மாலை போட்டுக்கொண்ட அதே பந்தயத்தையும் ஜெயித்தது. முசியே மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். அதற்கு ஓர்ஃபலேன் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். “அப்டின்னா இன்னா அர்த்தம்?” என்று மாமா கேட்டார். “பிரெஞ்சுல, தாயில்லாப் புள்ளை.”

மாமா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “எங்க மார்க்கத்துல பால் குடுத்தவளும் தாய்தான் முசியே. தாயி பின்னாடி கட்டிக் கெடக்குறா. பாத்துட்டுப் போங்க.” முசியே லாயத்துக்குப் போய், ரோஜாவின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார். மிட்டாயை மாமா தொடவில்லை. நான் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ரோஜா செத்துப்போன பிறகு மாமா வேறு குதிரை வாங்கவில்லை. எண்பதுகளின் நடுவில் அவரும் படுக்கையில் விழுந்தார். ஓர்ஃபலேன் அதற்குள் ஓடி ஓய்ந்து பண்ணைக்குப் போயிருந்தது. அதன் பெண் குட்டி ஒன்று பெங்களூரில் ஜெயித்திருப்பதாக ஒருநாள் மத்தியானம் பழைய குதிரைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். “காத பின்னாடி மடிக்குதாம், அதே மாதிரி” என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வாயில் வந்துவிட்டது.

“மாமா, நம்ம குட்டி தானாதான் செத்துச்சா?”

“தானாதாம்மா செத்துச்சு. அல்லா மேல ஆணையா, நான் கைய வெக்கல.” மூச்சு வாங்கியது. “ஆனா கேட்டேம்மா. பஜ்ரு தொழுதுட்டு கையேந்தி கேட்டேன். இது எப்டியும் பொழைக்கப்போறதில்ல, இத எடுத்துக்க, அவ புள்ளைய வுட்டுடுன்னு. எழுந்து வந்து பாத்தா செத்துக் கெடக்குது.”

 அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கேட்டா அல்லா குடுத்துடறாம்மா. அன்னிலேர்ந்து எதக் கேக்கவும் பயம். உன் புள்ளைக்கு கேட்டா, பதிலுக்கு யார எடுத்துக்குவானோன்னு ஓடிட்டேன்.”

“அது பொழச்சிருக்காது மாமா” என்றேன். “நாந்தான பாத்துகினேன். எனக்குத் தெரியும். பொழச்சிருக்காது.” அது பிழைத்திருக்கும். காம்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அவர் நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. கஞ்சியை முழுசாகக் குடித்தார்.

இப்போது முத்தியால்பேட்டையில் லாயம் இருந்த இடத்தில் என் மகன் மாடி கட்டியிருக்கிறான். பேரன் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். ஒரே ஒரு இடம்தானாம். “துஆ கேளுங்கம்மா” என்று மருமகள் நேற்று சொன்னாள். தொழுது முடித்துக் கையை ஏந்தினேன். அந்த வேலைக்குக் காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளின் வீடுகள் நினைவுக்கு வந்தன. நாக்கு எழவில்லை. ஏந்திய கையை வெறுமனே முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிட்டேன். கேட்டேன் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.