சுவருக்கும் சைலன்சருக்கும் நடுவே

கடைத்தெருவில் அவளுக்குச் சைலன்சர் அக்கா என்று பெயர். மோட்டார் சைக்கிள்களுக்குச் சைலன்சர் கழற்றி மாட்டுவது அவள் தொழில். "ஊர் வண்டிக்கெல்லாம் மாட்டுது, அது வாய்க்கு ஒண்ணு மாட்டத்தான் ஆளில்ல" என்பார் பக்கத்து டயர் கடைக்காரர், அவள் காதில் விழும்படியே. உடனே நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்வார்.

அந்த வாய் முன்பு இத்தனை மோசமில்லை. சுவர் வந்த பிறகுதான் இப்படி ஆனது.

கடை அப்பாவுடையது. அவருக்குக் கண் மங்கிய நாள் முதல் வேலை முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது. தம்பி வெளியூரில் வண்டிகளுக்குச் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வந்து, "எனக்கும் பாதி இருக்குல்லக்கா" என்றான். அவள் மறுக்கவில்லை. இரண்டு தொழிலும் ஒரே இடத்தில் நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். "உன் எண்ணெய்க் கை பட்டா என் சரக்கு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டான். அவள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து பார்த்தபோது கடைக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் நின்றது. அவள் பக்கம் மிஞ்சிய இடத்தில் ஒரு வண்டி நிற்கலாம், கூடவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம்.

அவளிடம் வரும் வண்டிகளில் குழாயும் சைலன்சரும் பெரும்பாலும் ஒரே உருப்படி. எஞ்சின் ஓரத்து நட்டுகளையும் பின்பக்க போல்ட்டையும் கழற்றினால் மட்டும் கைக்கு வந்துவிடாது. சைலன்சரின் பின்முனையான வாலை வெளிப்பக்கமாக விலக்கி, ஸ்டாண்டில் சிக்காமல் திருப்பி எடுக்க வேண்டும். அந்த வால் போக வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் அந்தப் பக்கம் பழைய சுவர். வாசலிலும் வைக்க முடியாது, படியை உரசிக்கொண்டு பேருந்துகள் போகும். அதனால் சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுப்பாள். மாட்டுவது அதைவிடக் கொடுமை. குழாய் வாயில் வைக்கும் கேஸ்கெட் வளையம் நழுவாமல் பிடிக்க ஒரு கை, போல்ட் ஓட்டையைச் சேர்க்க ஒரு கை, ஸ்பானருக்குக் கை எங்கே? அந்த ஸ்பானரும் பாதி திரும்புவதற்குள் சுவரில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் சுவருக்கு ஒரு வசவு விழும். தம்பி காதில் விழட்டும் என்றே உரக்கத் திட்டுவாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பார்சல் கொண்டுபோகிறவர் ஒருவர் வண்டியை விட்டுவிட்டு, "சீக்கிரம்க்கா, டெலிவரி நிக்குது" என்று டீ குடிக்கப் போனார். சூடு ஆறும்வரை அவள் தொடுவதில்லை. அன்று அவர் அவசரத்துக்காக ஈரச் சாக்கைக் குழாய்மேல் போர்த்திவிட்டு உள்ளே புகுந்தாள். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. முழு பலத்தையும் கொடுத்தாள். அது பட்டென்று முறிந்த வேகத்தில் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவி அவள்மேல் சரிந்தது. சாக்கு விலகிவிட்டது. முன்கை குழாய்க்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

"டேய், வாடா இங்க" என்று அலறினாள்.

மெஷின் நின்றது. பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது.

டயர் கடைக்காரர்தான் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். முன்கைத் தோல் குழாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூட்டம் கூடிய பிறகு தம்பி வந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப் போனது.

"கூப்பிட்டிருக்கலாம்லக்கா?"

"கூப்பிட்டேன்டா. நீ மெஷினை நிறுத்தின. அப்புறம் ஓட்டின. எனக்குக் கேட்டுச்சு."

"நீ தினமும்தான் கத்துற. இதுவும் அதுதான்னு நெனச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைக்கு வந்தாள், இடது கையில் சுத்தியலை எடுத்தாள், சைலன்சரின் வால் இடிக்கும் உயரத்தில் சுவரை உடைக்கத் தொடங்கினாள். முதல் செங்கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்ததும் தம்பி ஓடிவந்தான்.

"என்னக்கா பண்ற?"

"கண்ணு தெரியல?"

"சொல்லியிருந்தா நானே எடுத்துத் தருவேன்ல."

"நீ கட்டும்போது என்கிட்ட சொன்னியா?"

அவன் தன் பக்கம் போய்த் தூசி படாமல் துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தான். மாலைக்குள் சுவரில் வண்டி நீளத்துக்கு ஒரு திறப்பு விழுந்தது. உதவட்டுமா என்று அவன் கேட்டபோதெல்லாம் அவள் இன்னும் பலமாக அடித்தாள்.

இப்போது வேலை நடக்கிறது. "வருது" என்று அவள் குரல் கொடுத்தால், அவன் எழுந்து வந்து வாலைப் பிடித்துத் தன் பக்கம் வாங்கிக்கொள்வான். மாட்டும்போது அவன் தாங்கிப் பிடிக்க, அவள் நட்டை முடுக்குவாள். வேறு பேச்சு கிடையாது. கட்டுப் பிரித்த அன்று, திறப்பு வழியாக அவள் முன்கையைப் பார்த்துவிட்டு, "இன்னும் வலிக்குதாக்கா?" என்று கேட்டான்.

"பிடிக்கிறதை ஒழுங்காப் பிடி" என்றாள்.